பந்தயக் காரில் ஏற வரும் பிள்ளைகளுக்கு

திருச்சியில் கார் பந்தயத் தடம் கிடையாது. மேற்கே கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே, வடக்கே ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டை, இரண்டுக்கும் நடுவில் நாம். இருந்தும் உறையூரிலிருந்தும் திருவெறும்பூரிலிருந்தும் ஸ்ரீரங்கம் வரை தேடி வந்து, “தாத்தா, ஃபார்முலா கார் ஓட்டணும், எங்கேருந்து ஆரம்பிக்கிறது?” என்று கேட்கிற பிள்ளைகள் குறையவில்லை. மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் எழும்பூர் போய் இறங்கி, பஸ் பிடித்துச் சோழவரம் பந்தயம் பார்க்கப் போன தலைமுறை நான். இன்ஜின் வேலை தெரிந்தவன் என்பதால் பிறகு பிட்டுக்குள்ளேயே நிற்கக் கிடைத்தது. நன்றாக ஓட்டியவர்கள் பலர் ஒன்றிரண்டு சீசனில் காணாமல் போனதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அவர்களைவிடக் குறைந்த வேகக்காரர்கள் இருபது வருஷம் ஓட்டியதையும் பார்த்திருக்கிறேன். அந்த வித்தியாசம் எங்கே இருக்கிறது என்று எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன்.

1. ரோட்டில் ரேஸ் ஓட்டுவதை இன்றோடு விடு. ராத்திரி பத்து மணிக்கு மேல் கொள்ளிடம் பாலத்தில் சைலன்சரைக் கழற்றிவிட்டுப் போகிற பையன்களில் சிலர் என்னிடம் வந்து, “எனக்குப் பயமே கிடையாது தாத்தா” என்று பெருமையாகச் சொல்கிறார்கள். அதைக் கேட்டால் எனக்கு வயிறு கலங்குகிறது. சென்னையைச் சேர்ந்த அஸ்வின் சுந்தர் தேசிய அளவில் எஃப்4 பட்டம் வென்றவர், தடத்தில் எத்தனையோ பேரை முந்தியவர். 2017 மார்ச்சில் சாந்தோம் நெடுஞ்சாலையில் அவர் ஓட்டி வந்த கார் மரத்தில் மோதித் தீப்பிடித்தது. அவரும் மனைவியும் வெளியே வர முடியாமல் இறந்துபோனார்கள். ஏன் நடந்தது என்று பேச நான் வரவில்லை. தடத்தில் வண்டி விலகினால் ஓடி நிற்கச் சரளை மண் இருக்கிறது, டயர் சுவர் இருக்கிறது, தீயணைப்பானோடு மார்ஷல் நிற்கிறார், ஆம்புலன்ஸ் இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருக்கிறது. ரோட்டில் மரம் இருக்கிறது, எதிரே பால் வண்டி வருகிறது. சாம்பியனுக்கும் அதே மரம்தான். இந்த ஒன்றுக்கு ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு மற்றதைச் சொல்லித்தர எனக்கு மனம் வராது.

2. வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்து சேர். நான் சொல்ல நினைப்பதில் பெரும்பகுதி இதுதான்.

2005 ஜூன் 19, அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ். நம் கோவைக்காரர் நாராயண் கார்த்திகேயனுக்கு அது ஃபார்முலா 1இல் முதல் வருஷம், ஜோர்டான் அணி. வெள்ளிக்கிழமைப் பயிற்சியிலேயே சாய்வான 13ஆம் வளைவில் ரால்ஃப் ஷூமாக்கர், டயர் போய், சுவரில் மோதினார். அந்த வளைவின் பாரத்தைத் தங்கள் டயர் தாங்காது என்று மிஷலின் கம்பெனி சொல்லிவிட்டது. வளைவுக்கு முன்னால் வேகத்தைக் குறைக்கத் தடுப்பு வைக்கலாமா என்று பேசிப் பார்த்தார்கள், முடிவுக்கு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை அணிவகுப்புச் சுற்று முடிந்ததும் மிஷலின் டயர் போட்ட ஏழு அணிகளின் 14 கார்களும் பிட்டுக்குள் திரும்பிவிட்டன. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் போட்ட ஆறு கார்கள் மட்டும் மிச்சம். இரண்டு ஃபெராரி முன்னால் போய்விட்டன. மூன்றாவதாக நாராயணின் அணித்தோழர் டியாகோ மொன்டெய்ரோ, நான்காவதாக நாராயண். அவருக்கு 5 புள்ளிகள். ஃபார்முலா 1இல் இந்தியர் ஒருவர் எடுத்த முதல் புள்ளிகள் அவை, அதற்குப் பிறகு வேறு எந்த இந்தியரும் எடுக்கவில்லை.

“ஆறு பேரில் நாலாவது வந்தது ஒரு சாதனையா?” என்று டீக்கடையில் கேட்பவர்கள் உண்டு. கூட்டம் கூச்சல் போட, பாட்டில்கள் தடத்தில் வந்து விழ, 72 சுற்று, ஒரு தடவைகூட வண்டியைக் கைவிடாமல் ஓட்டி முடித்தவர் அவர். மினார்டி அணியின் இரண்டு கார்களும் அவருக்குப் பின்னால்தான் வந்தன. அவர் சுவரில் முட்டியிருந்தால் அந்த 5 புள்ளி வேறொருவர் கணக்கில் போயிருக்கும். மொன்டெய்ரோவைப் பார். அந்த வருஷம் 19 பந்தயத்தில் 18ஐ முடித்தார், அதிலும் முதல் 16ஐ ஒன்றுவிடாமல். அவர் ஓட்டியது பின்வரிசைக் கார்தான். அணிக்காரன் கண்ணோட்டத்தில் யோசி: திங்கட்கிழமை காலையில் புது மூக்கும் புது சஸ்பென்ஷன் கையும் வாங்கப் பணம் தேட வேண்டாம், மெக்கானிக்குகள் ராத்திரி தூங்கலாம், அடுத்த பந்தயத்துக்கு ஓடிய வண்டியின் கணக்கு கையில் இருக்கிறது. ஒரு பந்தயத்தில் ஒருவனை முந்தியதை ஒரு வாரத்தில் மறந்துவிடுவார்கள். உடைத்துக்கொண்டு வந்த வண்டியைப் பில் கட்டும்போதெல்லாம் நினைத்துக்கொள்வார்கள். இந்தத் தொழிலில் ஒவ்வொரு சீட்டும், போன சீட்டை எப்படித் திருப்பிக் கொடுத்தாய் என்பதைப் பார்த்துத்தான் கிடைக்கிறது.

3. முதலில் பிரேக்கைக் கற்றுக்கொள். ஆக்ஸிலேட்டரை மிதிக்க யாருக்கும் பயிற்சி வேண்டாம். சித்திரைத் தேர் நம் சித்திரை வீதி முனையில் திரும்புவதைப் பார்த்திருப்பாய். வடம் பிடிக்க ஆயிரம் பேர் இருந்தாலும், தேர் எந்தப் பக்கம் எவ்வளவு திரும்ப வேண்டும் என்பது சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவர் கையில்தான் இருக்கிறது. அவர் போடும் நேரம் ஒரு நொடி பிசகினாலும் தேர் வீட்டுச் சுவரைப் பார்த்துப் போகும். காரிலும் வளைவைத் தீர்மானிப்பது வளைவுக்கு முன்னால் நீ செய்யும் வேலைதான்.

இறக்கை வைத்த காரில் இது இன்னும் நுணுக்கம். வேகம் இரட்டித்தால் காற்று வண்டியை அமுக்கும் பலம் நான்கு மடங்காகும். அதனால் நேர்ப்பாதையின் முடிவில், வேகம் உச்சத்தில் இருக்கும்போது, பிரேக்கை முழுப் பலத்தோடு மிதிக்கலாம், டயர் பிடித்துக்கொள்ளும். வேகம் இறங்க இறங்க அமுக்கும் பலமும் இறங்கும், அதற்கு ஈடாகக் காலை மெல்ல மெல்ல எடுக்க வேண்டும். நம் ஊர்க் காரில் மெதுவாக மிதிக்கத் தொடங்கிக் கடைசியில் அழுத்திப் பழகிய கால் இதை நேர்மாறாகச் செய்யும், சக்கரம் பூட்டிக்கொள்ளும், டயரில் தட்டையாக ஒரு இடம் தேய்ந்துவிடும். அதற்குப் பிறகு அந்த டயர் அதிர்ந்துகொண்டே இருக்கும்.

4. முன்னால் போகிறவனின் பின்சக்கரத்தைத் தொடாதே. மட்கார்டு இல்லாத சக்கரம் எவ்வளவு ஆபத்து என்று சைக்கிளைத் தலைகீழாக வைத்துச் சுற்றிப் பார்த்தவனுக்குத் தெரியும். ஓடும் சக்கரத்தின் முன்பக்கம் கீழே இறங்கிக்கொண்டும் பின்பக்கம் மேலே ஏறிக்கொண்டும் இருக்கும். உன் முன்சக்கரம் அவனுடைய பின்சக்கரத்தின் பின்பக்கத்தில் உரசினால், அவன் சக்கரம் உன்னுடையதைத் தூக்கிவிடும். உன் வண்டி பறக்கும். 2011 அக்டோபர் 16 அன்று லாஸ் வேகாஸ் ஓவல் தடத்தில் இண்டிகார் பந்தயத்தில் 15 கார்கள் மோதிக்கொண்டதில் டான் வெல்டன் இறந்தார். இண்டியானாபொலிஸ் 500ஐ இரண்டு தடவை வென்றவர் அவர், இரண்டாவது வெற்றி அதே வருஷம். அடுத்த சீசனுக்கான புதுக் காரைச் சோதித்து ஓட்டியவரும் அவர்தான். அந்தக் காருக்கு அவர் பெயரின் எழுத்துகளையே வைத்தார்கள், பின்சக்கரத்துக்குப் பின்னால் தடுப்பும் வைத்தார்கள். அந்த விபத்துக்கு இரண்டு வாரம் கழித்து நடந்த முதல் இந்தியன் கிராண்ட் பிரீயில், தொடங்குவதற்கு முன் எல்லோரும் ஒரு நிமிஷம் மௌனமாக நின்றார்கள். முந்துவதற்கு இடம் பாதிதான் இருக்கிறது என்றால் இடமே இல்லை என்று வைத்துக்கொள்.

5. மெக்கானிக்கோடு பேசத் தெரிந்துகொள். “வண்டி சரியில்லை” என்று ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போகிறவனை வைத்துக்கொண்டு யாரும் ஒன்றும் செய்ய முடியாது. எந்த வளைவில், நுழையும்போதா நடுவிலா வெளியே வரும்போதா, முன்பக்கம் வெளியே தள்ளுகிறதா பின்பக்கம் வழுக்குகிறதா, டயர் புதிதாக இருந்தபோதே அப்படியா, அல்லது ஐந்து சுற்று போன பிறகா. இத்தனையும் சொன்னால் மெக்கானிக் ஸ்பேனரை எடுப்பான்.

என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் கையில் கொடுப்பது ஒரு பழைய ஸ்பார்க் பிளக். நீ தொடங்கப்போகிற இரண்டு ஸ்ட்ரோக் கார்ட் வண்டியில் இன்றைக்கும் கார்புரேட்டர்தான் பெரும்பாலும். முழு வேகத்தில் ஓடும்போதே இன்ஜினை நிறுத்தி, உருட்டிக்கொண்டு வந்து பிளக்கைக் கழற்று. நுனி வெளிர் காப்பிப்பொடி நிறத்தில் இருந்தால் நல்லது. கரி அப்பியிருந்தால் பெட்ரோல் அதிகம். சுண்ணாம்பு வெளுப்பாக இருந்தால் பெட்ரோல் போதவில்லை, இன்னும் இரண்டு சுற்றில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், உடனே பெரிய ஜெட் போடு. நம் ஊர் மே மாதத்தில் காலை ஏழு மணிக்குச் சரியாக இருந்த ஜெட் மத்தியானம் இரண்டு மணிக்குப் பெரிசாகிவிடும், ஏனென்றால் சுடுகாற்றில் சத்து குறைவு. அதே மாதிரி டயர். தடத்திலிருந்து உள்ளே வந்த உடனே ஊசித் தெர்மாமீட்டரை ரப்பரில் குத்தி உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு என்று மூன்று இடத்தில் சூடு எடு. நடு மட்டும் சூடு என்றால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் சூடு, நடு ஆறியிருக்கிறது என்றால் காற்று குறைவு. இதையெல்லாம் கோடு போட்ட நோட்டில், தேதி, நேரம், வெயில் எல்லாம் போட்டு எழுதி வை. போனில் எழுதாதே, கிரீஸ் கையோடு போனைத் தொட மனசு வராது, எழுதாமலே விட்டுவிடுவாய்.

6. பணத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசு. இது பணக்கார விளையாட்டு என்பதில் பாதிக்கு மேல் உண்மை. நாராயணின் அப்பா ஜி.ஆர். கார்த்திகேயன் பெயர்பெற்ற ராலி ஓட்டுநர். மகனை 1992இல் பிரான்ஸில் வின்ஃபீல்ட் பந்தயப் பள்ளிக்கு அனுப்ப அவரால் முடிந்தது. அதற்குப் பிறகும் டாடா, ஜே.கே. டயர் போன்றவர்கள் கைகொடுக்க வேண்டியிருந்தது. ஆனால் அதே நாராயண் 1993இல் இங்கே ஓட்டியது ஃபார்முலா மாருதி கார். நம் தெருவில் நிற்கும் மாருதி 800இன் இன்ஜினை வைத்து உள்ளூரிலேயே ஒற்றை இருக்கைக் கார் செய்ய முடியும் என்று காட்டிய கோவை கரிவரதனை நான் கைகூப்பி நினைக்கிறேன். அவர் 1995இல் விமான விபத்தில் போய்விட்டார். செட்டிபாளையத் தடத்தில் இருப்பது அவருடைய பெயர். அவர் செய்ததால்தான் பெரிய வீட்டுப் பிள்ளைகள் அல்லாதவர்களும் அந்தச் சீட்டில் உட்கார்ந்து பார்த்தார்கள்.

உன் வீட்டில் பணம் இல்லை என்றால், அம்மாவின் நகையை வைத்து ஒரு சீசன் ஓட்டாதே. இதை நான் கெஞ்சியே கேட்கிறேன். ஒரு சீசன் ஒன்றையும் நிரூபிக்காது, நகையும் திரும்பாது. வேறு வாசல் இருக்கிறது. துவாக்குடி என்.ஐ.டி. மாணவர்கள் ஒற்றை இருக்கைக் காரைத் தாங்களே வரைந்து, வெல்டிங் அடித்து, ஓட்டிப் போட்டிக்குக் கொண்டுபோகிறார்கள். அப்படிப்பட்ட ஃபார்முலா பாரத் போட்டி செட்டிபாளையத்தில்தான் நடந்து வந்திருக்கிறது. அங்கே கற்றவன் ஓட்டுநராக ஆகாவிட்டாலும் பந்தய இன்ஜினியராக ஆகலாம். தடத்தில் அவனுக்கு மரியாதை குறைவு என்று எவனாவது சொன்னால் நம்பாதே.

7. பெண் பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. “பொண்ணுங்களால அந்த ஸ்டீயரிங்கைப் பிடிக்க முடியுமா மாமா?” என்று உன் அப்பாவே என்னிடம் கேட்டிருக்கலாம். நம் இருங்காட்டுக்கோட்டையில் முடிந்த 2018–19 எம்.ஆர்.எஃப். சேலஞ்ச் பட்டத்தை வென்றவர் ஜேமி சாட்விக் என்ற இங்கிலாந்துப் பெண். ஆண்களோடு சேர்ந்து ஓட்டித்தான் வென்றார். பிறகு அமெரிக்கா போய், இண்டிகாருக்கு அடுத்த படியான இண்டி என்.எக்ஸ்.டி.யில் 2024இல் ரோடு அமெரிக்கா தடத்தில் முதலாவதாக வந்தார். நீ வந்தால் உனக்கும் அதே பிளக், அதே நோட்டு.

8. ஒரே ஏணியைப் பார்த்துக்கொண்டு நிற்காதே. ஃபார்முலா 1 ஒன்றுதான் வாழ்க்கை என்று நினைக்கிற பிள்ளைகள் இருபத்தைந்து வயதில் உடைந்துபோகிறார்கள். நாராயண் 1996இல் ஃபார்முலா ஆசியா பட்டம் வென்று, 2001இல் ஜாகுவார் காரைச் சோதித்து ஓட்டி, ஃபார்முலா 1 பந்தயத்தில் நின்றது 2005இல். ஒரு சீசனில் அந்தச் சீட்டு போய்விட்டது. அவர் வீட்டுக்குத் திரும்பவில்லை. வில்லியம்ஸ் அணிக்குச் சோதனை ஓட்டுநராக இருந்தார், நாடுகள் மோதும் ஏ1 ஜிபி தொடரில் இந்தியாவுக்கு முதல் வெற்றி வாங்கித் தந்தார், 2010இல் அமெரிக்காவில் நாஸ்கார் டிரக்கில்கூட ஏறினார். 2011இல் மறுபடி ஃபார்முலா 1. கிரேட்டர் நொய்டாவில் நம் நாட்டு ரசிகர்கள் முன்னால் எச்.ஆர்.டி. அணியின் மெதுவான காரை 17ஆவதாகக் கொண்டுவந்து சேர்த்தார். அணித்தோழர் டேனியல் ரிக்கார்டோ அவருக்குப் பின்னால் வந்தார். பிறகு ஜப்பான், 2019இல் ஃபுஜி தடத்தில் வெற்றி. அப்போது அவருக்கு வயது 42.

அமெரிக்கக்காரர் ஒருவரையும் பார். கோனர் டேலி. அப்பா டெரெக் டேலியும் ஃபார்முலா 1 ஓட்டியவர். கோனர் 2012–13 எம்.ஆர்.எஃப். சேலஞ்ச் பட்டம் வென்றவர், அதற்காக நம் இருங்காட்டுக்கோட்டை வெயிலிலும் ஓட்டியவர். 2013இல் இண்டியானாபொலிஸ் 500இல் இறங்கினார். அதற்குப் பிறகு அவருக்கு நிலையான சீட்டு என்று இருந்த வருஷங்கள் குறைவு. யாருக்காவது அடிபட்டால், எந்த அணியிலாவது இடம் காலியானால் கூப்பிடுவார்கள், போய் ஓட்டுவார். 2024இல் சீசன் நடுவில் ஒரு சின்ன அணி அவரைக் கூப்பிட்டது. ஆகஸ்டு கடைசியில் மில்வாக்கியில் மூன்றாவதாக வந்தார். அடுத்த வருஷம் அவருக்கு முழுச் சீசன் கிடைத்தது. நடுவில் அவர் ஹெல்மெட்டைப் பரணில் போட்டிருந்தால் அந்த அழைப்பு வந்தே இருக்காது.

9. உடம்பு. மலைக்கோட்டையில் நானூறு படிக்கு மேல் இருக்கிறது, காலையில் ஏறு, செலவில்லாத ஜிம் அது. கழுத்தைத் தனியாகக் கவனி. தலையும் ஹெல்மெட்டும் சேர்ந்து ஆறேழு கிலோ, கடும் வளைவில் நாலைந்து மடங்கு பாரமானால் முப்பது கிலோவைப் பக்கவாட்டில் கழுத்து தாங்க வேண்டும். சர்க்கரையோ வேறு எதுவோ இருந்தால் டாக்டரிடம் மறைக்காதே. கோனர் டேலிக்குச் சின்ன வயதிலிருந்தே டைப் 1 சர்க்கரை நோய். இண்டிகாரில் ஓட்டிய சார்லி கிம்பாலுக்கும் அதுவே. கிம்பால் ஓட்டும்போதே சர்க்கரை அளவைப் பார்க்கிற கருவியும், அளவு இறங்கினால் குடிக்க இனிப்புப் பானமும் வைத்துக்கொண்டு ஓட்டினார், 2013இல் மிட்-ஒஹையோவில் வென்றார். மறைத்திருந்தால் முடிந்திருக்காது. இன்னொன்று, பந்தய நாளில் குதிக்காதே, ஏறாதே. 2009இல் லே மான் பந்தயம் தொடங்கும் முன் நாராயண் பிட் சுவரிலிருந்து விழுந்து தோள்பட்டை விலகி, அந்தப் பந்தயத்தில் ஒரு சுற்றுகூட ஓட்ட முடியாமல் போனது.

10. கொடி காட்டுகிறவரை மதி. மஞ்சள் கொடி தெரிந்தால் காலை எடு. இரட்டை மஞ்சள் ஆடினால் நிற்கத் தயாராக வா. அந்த மார்ஷல் பெரும்பாலும் சம்பளத்துக்கு வந்தவர் இல்லை, வெயிலில் நாள் முழுக்க உனக்காக நிற்கிறார். பந்தயம் முடிந்த சுற்றில் கை காட்டிவிட்டுப் போ.

11. புதியவன் என்று சொல்லிக்கொள்ளத் தயங்காதே. ஃபார்முலா 1இல் இரண்டு முறை உலகப் பட்டம் வென்ற ஃபெர்னாண்டோ அலோன்சோ 2017இல் இண்டியானாபொலிஸுக்குப் போனபோது, அவரையும் புதியவர்களுக்கான தேர்வுக்குத்தான் உட்கார வைத்தார்கள். இந்த வேக வரம்புக்குள் இத்தனை சுற்று, பிறகு அதற்கு மேல் இத்தனை சுற்று என்று படிப்படியாக. அவர் மறுபேச்சில்லாமல் ஓட்டிக் காட்டினார். மணிக்கு 350 கிலோமீட்டரை நெருங்கும் வேகத்தில் சுவருக்குப் பக்கத்தில் திரும்புவது அவருக்கே புதுசு.

12. இனி ஆக வேண்டிய காரியம். இந்திய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ.யின் லைசென்ஸ் இல்லாமல் எந்தப் பந்தயத்திலும் ஏற முடியாது. அதற்கு மருத்துவச் சான்று, ரத்த வகை, பதினெட்டு ஆகாதவர்களுக்குப் பெற்றோர் கையெழுத்து எல்லாம் வேண்டும். பிளஸ் டூ பரீட்சை முடிந்த பிறகு வந்தால் போதும், பந்தயத் தடம் எங்கேயும் ஓடிப்போகாது. முதல் தடவை செட்டிபாளையத்துக்குப் பார்க்க மட்டும் போ, ஓட்டப் போகாதே. திருச்சியிலிருந்து காலை மூன்று மணிக்குக் கிளம்பினால் முதல் பயிற்சிக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். வளைவு ஒன்றில் நின்று, ஒவ்வொரு வண்டியும் எந்த இடத்தில் பிரேக் போடுகிறது என்று கல்லையோ புல்லையோ அடையாளம் வைத்து எழுதிக்கொள். காதுக்குப் பஞ்சு, தலைக்குத் தொப்பி, இரண்டு பாட்டில் தண்ணீர் எடுத்துப் போ. வந்த பிறகு நோட்டைக் கொண்டுவந்து காட்டு.